மூன்று தலைமுறை நடந்த சோலைப் பாதை: உரிமை உண்டா, எந்த அளவுக்கு?

நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியிலிருந்து, அதாவது படகர் ஊரிலிருந்து, ஒருவர் கேட்டிருப்பது இது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சோலைக் காட்டுக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து குடும்பமே நடந்து வந்திருக்கிறது. சந்தைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, வருஷா வருஷம் பேரகணிக்கு ஹெத்தை பண்டிகைக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. சோலைக்குள் இருக்கும் ஊற்றிலிருந்து குழாய் போட்டு வீட்டுக்குத் தண்ணீரும் எடுக்கிறார்கள். இப்போது புதிதாக வந்த வனக்காப்பாளர், "இது காப்புக்காடு, இனி நடந்தால் வழக்கு" என்று சொல்லிவிட்டார். "வெளியூர்க்காரர்கள் பணம் கட்டிச் சோலைக்குள் நடக்கலாம், நாங்கள் நடக்கக்கூடாதா? சல்லிவன் துரை நடந்த பாதை இது என்று தாத்தா சொல்வார். உரிமை கேட்க வழி இருக்கிறதா?" என்பது கேள்வி.

இதில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நடந்தே உரிமை வருமா என்பது ஒன்று. பாதை எவ்வளவு பழையது, அதை எப்படிக் காட்டுவது என்பது இன்னொன்று. மூன்றாவதை அவர் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கோபமெல்லாம் அதில்தான் இருக்கிறது: அந்தச் சோலையோடு எங்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை என்று நேற்று வந்தவர் எப்படிச் சொல்லலாம்? நான் வனத்துறையில் வனவராக இருந்து ஓய்வு பெற்றவன். சமவெளிக்காரன்தான், ஆனால் பணிக்காலத்தில் பெரும்பகுதி நீலகிரியில், அதிலும் எல்லை அளவை வேலையில் போனது. வக்கீல் இல்லை. சட்டத்தைப் பற்றி நான் சொல்வது அலுவலகத்தில் கோப்புகளோடு புழங்கிக் கற்றது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். காப்புக்காடாக முறைப்படி அறிவிக்கப்பட்ட நிலத்துக்குள், நூறு வருஷம் நடந்தாலும், நடந்ததால் மட்டும் உரிமை வராது. தமிழ்நாட்டில் இதற்கு அடிப்படை 1882ஆம் ஆண்டு வனச் சட்டம். முன்பு மதராஸ் வனச் சட்டம், இப்போது தமிழ்நாடு வனச் சட்டம். ஒரு நிலத்தைக் காப்புக்காடாக்க விரும்பினால் அரசு 4ஆவது பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிடும். அதன்பிறகு வன நிலவரித் திட்ட அலுவலர், எங்கள் பேச்சில் செட்டில்மென்ட் ஆபீசர், ஊர்க்காரர்களின் கோரிக்கைகளை வாங்கி விசாரிப்பார். விசாரணையெல்லாம் முடிந்த பிறகு 16ஆவது பிரிவின் கீழ் இறுதி அறிவிக்கை வரும். அதுவரை யாரும் கோராத உரிமை அங்கேயே அற்றுப்போகும். அதற்குப் பிறகு வாரிசு வழியாகவோ அரசு கொடுத்தோ தவிர, புதிதாக எந்த உரிமையும் உண்டாகாது. ஆகவே காப்பாளர் சொன்னது சட்டத்தின் எழுத்துப்படி தவறில்லை. சொன்ன விதம் எப்படி இருந்ததோ, அது வேறு விஷயம்.

ஆனால் இதே சட்டத்துக்கு இன்னொரு முகம் உண்டு, அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். 1878இல் இந்தியா முழுவதற்கும் வந்த வனச் சட்டத்தை மதராஸ் அரசு அப்போது ஏற்கவில்லை. இந்த மாகாணத்தில் ஊர்க்காரர்கள் ஏதோ ஒரு பாத்தியதை கொண்டாடாத காடே அரிது என்பது மதராஸ் வருவாய் வாரியத்தின் நிலை. 1881இல் இந்திய அரசின் வனத்துறைத் தலைவர் பிராண்டிஸ் வந்து சுற்றிப் பார்த்த பிறகுதான் தனிச் சட்டமாக 1882இல் வந்தது. அதனால் கோரிக்கைகளை விசாரிக்கும் அத்தியாயம் அதில் வெறும் சம்பிரதாயம் இல்லை. வழிநடை உரிமை, மேய்ச்சல், காட்டு விளைபொருள், நீர்வழி என்று நான்கையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைக் கோரலாம், விசாரித்து ஒப்புக்கொள்ளலாம் என்று சட்டமே சொல்கிறது. நீலகிரியில் காப்புக்காடுகள் 1880களிலிருந்து அறிவிக்கப்பட்டபோது பல இடங்களில் ஊர்ப் பாதைகளை ஒப்புக்கொண்டு உத்தரவு எழுதினார்கள். இன்ன ஹட்டியிலிருந்து இன்ன ஊருக்குப் போகும் நடைபாதை பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் என்ற மாதிரி வரி இருக்கும். துறையின் பழைய வொர்க்கிங் பிளான்களில், அதாவது காட்டு மேலாண்மைத் திட்டங்களில், உரிமைகளும் சலுகைகளும் என்று ஒரு பகுதியே உண்டு, காடு காடாகப் பிரித்துப் போட்டிருப்பார்கள். புதிதாக வந்த காப்பாளர் அதைப் பார்த்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. வனச்சரகர் அலுவலகத்திலேயே அந்தக் கட்டு இல்லாமல் போயிருக்கலாம்.

எனவே நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, எங்கள் சோலையை அறிவித்தபோது எந்தப் பாதைகளை ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான். உரிமை உண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகு. மாவட்ட வன அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 2005ஆம் ஆண்டு தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். "எங்களுக்கு உரிமை இருக்கிறதா?" என்று அதில் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும். ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தக் காப்புக்காட்டின் 4ஆவது பிரிவு அறிவிக்கை, 16ஆவது பிரிவு அறிவிக்கை, எல்லை விவரம், செட்டில்மென்ட் ஆபீசரின் உத்தரவு, ஒப்புக்கொள்ளப்பட்ட வழிகளின் பட்டியல், நடப்பு வொர்க்கிங் பிளானில் உங்கள் சோலை வரும் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் நகல் கேட்க வேண்டும். இல்லை என்று பதில் வந்தால் முதல் மேல்முறையீடு செய்யலாம். மாவட்ட அரசிதழின் பழைய பிரதிகள் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடிப் பார்க்கக் கூடியவை. நேரமும் பொறுமையும் உள்ள உறவுக்காரப் பையன் யாராவது சென்னையில் இருந்தால் நல்லது.

இந்தப் பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பாதை முழுக்கக் காப்புக்காட்டுக்குள்தான் போகிறதா என்று பாருங்கள். கோத்தகிரிப் பக்கத்துச் சோலைகளில் பல இன்று தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் துண்டு துண்டாக நிற்கின்றன. ஒரு பாதை ஊரிலிருந்து கிளம்பிப் பட்டா நிலம், புறம்போக்கு, சோலை, மறுபடி பட்டா என்று மாறி மாறிப் போவது சாதாரணம். சர்வே எண்களுக்கான எஃப்.எம்.பி. என்ற புல அளவை வரைபடத்தையும் 'அ' பதிவேடு என்ற நிலப் பதிவேட்டின் நகலையும் தாலுகா அலுவலகத்தில் வாங்குங்கள். பாதை புறம்போக்கு என்று எங்காவது பதிவாகியிருந்தால் அந்தத் துண்டு வருவாய்த் துறையின் கணக்கில் இருக்கிறது, காப்பாளர் அங்கே நின்று தடுக்க முடியாது. காப்புக்காட்டின் எல்லையில் எண் போட்ட கற்களோ கற்குவியல்களோ இருக்கும். கேர்ன் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். இன்றைய முள்கம்பி வேலி எப்போதும் அந்த எல்லையில்தான் ஓடும் என்று நம்பிவிடாதீர்கள். சரிவும் பாறையும் வந்தால் வேலி போடுகிறவர் சுலபமான பக்கம் வளைத்துவிடுவார். நான் அளந்த இடங்களில் வேலியும் கேர்னும் ஒத்துப்போகாமல் இருந்தது புதுமையே இல்லை.

பட்டா நிலத்தின் வழியாகப் போகும் துண்டுக்குச் சட்டம் வேறு. அங்கே நடந்து நடந்து உரிமை வருவது உண்டு. மறைவாக இல்லாமல், அனுமதி கேட்டுக்கொண்டும் இல்லாமல், வழி எங்களுடையது என்ற பாத்தியதையோடு 20 வருஷம் இடைவிடாமல் பயன்படுத்தியிருந்தால் வழிநடை உரிமை கோரலாம். அரசு நிலம் என்றால் 30 வருஷம். இதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. தோட்டக்காரர் தடுத்த பிறகு, தடுத்தது தெரிந்தும் ஒரு வருஷம் பேசாமல் இருந்துவிட்டால் தொடர்ச்சி அறுந்துபோனதாக ஆகிவிடும். அந்த 20 வருஷம் என்பதும் வழக்குப் போடுவதற்கு முந்தைய இரண்டு வருஷத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். ஆகவே நடுவில் யாராவது தோட்ட வேலி போட்டு அடைத்திருந்தால் பண்டிகை முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் காப்பாளரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது, உண்மையில் அடைபட்டது பக்கத்துத் தோட்டத்துத் துண்டாக இருக்கலாம். இப்படி நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். பழங்குடியினருக்கு மட்டும்தான் என்று ஒரு கூட்டம், காட்டை எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள் என்று இன்னொரு கூட்டம். இரண்டும் சரியில்லை. பழங்குடியினர் அல்லாத மற்ற பாரம்பரிய வனவாசிகளும் அதில் உண்டு. ஆனால் 13 டிசம்பர் 2005க்கு முன்பு மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், அங்கே வாழ்ந்து பிழைப்புக்கு அந்தக் காட்டைச் சார்ந்திருந்ததாகக் காட்ட வேண்டும். உங்கள் ஹட்டிக்கு 75 வருஷம் என்பது பெரிய விஷயமே இல்லை. சார்ந்திருந்தோம் என்பதைக் காட்டுவதுதான் கஷ்டம். தேயிலைப் பட்டா வைத்திருக்கும் குடும்பம், சந்தைக்குப் போக வழி வேண்டும் என்று மட்டும் சொன்னால் குழு ஏற்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். அதே சமயம் வேட்டை நீங்கலாக, வழக்கமாக அனுபவித்து வந்த மற்ற பாரம்பரிய உரிமைகளையும் கோரலாம் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. கோயிலுக்கும் பண்டிகைக்கும் ஊரே நடந்து போகிற பாதை, ஊரே குடிக்கிற ஊற்று இரண்டும் அந்த இடத்தில் பொருந்தும் என்பது என் கணிப்பு. ஆனால் கேட்க வேண்டியது உங்கள் குடும்பம் இல்லை, ஊர். சமூக உரிமைக் கோரிக்கை கிராம சபையில் தொடங்கி, வன உரிமைக் குழு சரிபார்த்து, கோட்ட அளவிலான குழு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு என்று மேலே போகும். தமிழ்நாட்டில் இது ரொம்ப நாள் முடங்கிக் கிடந்தது. 2008இல் வந்த உயர் நீதிமன்ற உத்தரவால் பட்டா வழங்குவது நின்று, 2016இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கிய பிறகுதான் கொஞ்சம் நகர்ந்தது. அதனால் கீழ்மட்டத்தில் பலருக்கு நடைமுறை இன்னும் பழகவில்லை. பொறுமையாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

சரி, சல்லிவன் கதைக்கு வருகிறேன். கோத்தகிரியைச் சுற்றி எந்தப் பழைய பாதையைக் கேட்டாலும் சல்லிவன் நடந்தது என்றுதான் சொல்வார்கள். உறுதியாகத் தெரிந்தது இவ்வளவு: கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலை ஏறினார், கன்னேரிமுக்கில் பங்களா கட்டினார், அது இன்றைக்கும் நினைவகமாக நிற்கிறது. சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு மெக்பர்சன் என்ற ராணுவ அதிகாரி 1821இல் தொடங்கி 1823இல் பாதை போட்டு முடித்தார். அது கிழக்குச் சரிவில் சமவெளியிலிருந்து ஏறி வந்த பாதை. ஹட்டியிலிருந்து சந்தைக்கும் கோயிலுக்கும் போகும் உங்கள் பாதைக்கு அதோடு தொடர்பு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. துரை வருவதற்கு முன்பே ஹட்டிகளும் கோத்தர் ஊர்களும் இருந்தன, அவற்றுக்கு இடையில் ஆட்கள் நடந்துகொண்டும் இருந்தார்கள். என்னைக் கேட்டால் மனுவில் சல்லிவன் பெயரை எழுதவே கூடாது. நிரூபிக்க முடியாத ஒரு வரி உள்ளே வந்தால், நிரூபிக்கக் கூடிய மற்ற ஒன்பது வரிகளையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கும். தாத்தா சொன்னதை வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அதில் ஒன்றும் தப்பில்லை.

பாதையின் வயதைப் பாதையிடமே கொஞ்சம் கேட்கலாம். ஊர்க்காரர் கால்பட்டு உண்டான பாதை கிட்டத்தட்ட நேராகப் போகும், செங்குத்தாக இருந்தாலும் முகட்டைப் பிடித்து ஏறும், ஊற்றையும் சாமி இடத்தையும் தொட்டுக்கொண்டு போகும். நாட்பட்ட பாதையாக இருந்தால் சரிவுகளில் மண் அரைபட்டு இடுப்பளவு பள்ளமாக இறங்கியிருக்கும், இரண்டு கரையிலும் வேரும் பாசியும் பின்னியிருக்கும். துறை போட்ட ஆய்வுப் பாதை வேறு மாதிரி. ஒரே சீரான ஏற்றத்தில் மலையைச் சுற்றிக்கொண்டு போகும், ஓடை வரும் இடத்தில் கல் அடுக்கியிருப்பார்கள். அப்படிப்பட்ட பாதையில் நீங்கள் நடந்திருந்தாலும் அது துறையின் பாதை, ஊர்ப்பாதை ஆகாது. மூன்றாவதாகக் காட்டெருமை போட்ட தடமும் உண்டு, அதை மனிதர் பாதை என்று நம்பி நடப்பவர்களும் உண்டு. ஆனால் பள்ளத்தின் ஆழத்தைப் பார்த்து இத்தனை வருஷம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே பெருமழை ஒரு பாதையைப் பத்து வருஷத்துக்கு வயதாக்கிவிடும். வயதைச் சொல்வதற்கு வரைபடம்தான் சாட்சி. இந்திய நில அளவைத் துறையின் பழைய தாள்களில், அங்குலத்துக்கு ஒரு மைல் அளவில் போட்டவற்றில், நடைபாதைகள் விட்டு விட்டுப் போட்ட மெல்லிய கோடாக இருக்கும். உங்கள் பாதை அதில் இருந்தால் அந்தத் தாளின் அளவை ஆண்டே உங்களுக்குப் பெரிய பலம். இல்லாவிட்டால் பாதை அப்போது இல்லை என்று அர்த்தமில்லை. அளவையாளர் ஒவ்வொரு ஒற்றையடிப் பாதையையும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

பெரியவர்களின் வாக்குமூலமும் சாட்சிதான். வன உரிமைச் சட்டத்தின் விதிகளே, கோருகிறவர் அல்லாத மூத்தவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் ஏற்கலாம் என்கின்றன. இதில் வழக்கமாக நடக்கும் கோளாறு, எல்லாரும் "அந்தக் காலத்திலிருந்து" என்று சொல்லி முடித்துவிடுவது. வருஷம் கேட்டால் பாட்டிக்குத் தெரியாது. ஆனால் குறிஞ்சி தெரியும். நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும். 2018, 2006, 1994 என்று பின்னால் எண்ணிக்கொண்டே போனால் 1982, 1970, 1958. கல்யாணமாகி வந்த வருஷம் மலை நீலமாக இருந்ததா, அதற்கு எத்தனை வருஷம் முன்னே பின்னே என்று கேளுங்கள். ஒரு எச்சரிக்கை: குறிஞ்சியில் பல இனங்கள், எல்லாவற்றுக்கும் 12 வருஷக் கணக்கு கிடையாது, ஒரே இனமும் எல்லாச் சரிவிலும் ஒரே வருஷம் பூப்பதில்லை. அதனால் குறிஞ்சியை மட்டும் நம்பாமல் கூடவே இன்னொரு முளையடித்துக்கொள்ளுங்கள். 1993 நவம்பரில் மரப்பாலத்தில் மண் சரிந்தது, 2009 நவம்பரில் மாவட்டமே சரிந்து சாலைகள் அடைபட்டது இரண்டையும் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். "சாலை அடைபட்டபோது ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போனீர்கள்?" என்று கேட்டால் வரும் பதில், ஆயிரம் "அந்தக் காலத்திலிருந்து"க்குச் சமம். உங்கள் குடும்பத்தை மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து ஹட்டியில், கோத்தர்களிடம், சோலைக்குள் தேனும் மருந்துச் செடியும் எடுக்கப் போன குறும்பர், இருளரிடம் கேளுங்கள். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு முன்பே அவர்களுக்கு அந்தச் சோலை தெரியும். அவர்களை விட்டுவிட்டு எழுதுகிற மனு, பிற்பாடு அவர்கள் வந்து ஆட்சேபிக்கும்போது நிற்காது. நியாயமும் இல்லை.

டிரெக்கிங் பற்றிய உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போன 20க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, அனுமதி இல்லாமல் காட்டில் நடப்பதைத் துறை கறாராகப் பார்க்கத் தொடங்கியது. அப்புறம் 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 வழித்தடங்களோடு அரசு ஒரு திட்டம் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டியோடு போக வேண்டும். கோத்தகிரியின் லாங்வுட் சோலையும் அதில் ஒன்று. அதே ஆண்டு ஜனவரியில்தான் அந்தச் சோலைக்கு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரமும் கிடைத்தது. அளவு வெறும் 116 ஹெக்டேர். ஊருக்குப் பக்கத்திலேயே அந்தச் சின்னத் துண்டு பிழைத்து நிற்பதில் உள்ளூர்க்காரர்கள் பல வருஷம் காவல் காத்ததற்குப் பெரும் பங்கு உண்டு. கட்டணம் கட்டியவரோடு வழிகாட்டியும் பொறுப்பும் வருகிறது, உங்களோடு வரவில்லை என்பது துறையின் வாதம். பாதி சரி. இன்னொரு பாதி என்னவென்றால், சோலைக்குள் எந்த வளைவில் காட்டெருமை நிற்கும் என்று தெரிந்தவர் நீங்கள், வந்தவருக்கு அது தெரியாது. இந்த இரண்டு பாதியையும் ஒரே மேசையில் வைத்துப் பேச முடியும். ஆனால் "அவனை விட்டாய், என்னை ஏன் விடவில்லை?" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

காப்பாளர் பக்கத்திலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருவர் பின் ஒருவராக நடக்கும் பாதையால் சோலைக்குப் பெரிய கேடு இல்லை. பாதை அகலமாகும்போதுதான் வினை. சோலை மரங்களின் கன்றுகள் பெரும்பாலும் நிழலில் தலை தூக்குபவை. மேலே கிளை விலகி வெளிச்சம் விழுந்தால் அந்த இடத்தை உண்ணிச்செடி பிடிக்கும், ஓரத்தில் சீகை, அதாவது வாட்டில் என்ற அயல் மரம், முளைக்கும். பைக் ஓட்டிப் பழகினால், இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்து சேற்றுக்குப் பயந்து புதுத் தடம் போட்டால், நாலைந்து வருஷத்தில் அது சோலைக்கு நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி ஆகிவிடும். உங்கள் கொள்ளுத்தாத்தா நடந்தபோது போகிறவர்கள் கொஞ்சம் பேர். இன்றைக்குப் பாதை திறந்திருக்கிறது என்று கைப்பேசி வரைபடத்தில் ஒருவர் போட்டால் சனிக்கிழமை எத்தனை பேர் வருவார்கள்? காப்பாளர் பயப்படுவது இதற்குத்தான். கரடியும் இப்போது முன்னைப் போல் இல்லை. கோயில் விளக்கெண்ணெய்க்கும் வீட்டுக் குப்பைக்கும் பழகிவிட்டது, விடியலில் பனிமூட்டத்தில் எதிரே வந்தால் இரண்டு பேருக்குமே ஆபத்து. பாதை ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே இருந்தாலும் அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தனியாக அனுப்பாதீர்கள்.

கேள்வியின் கடைசியில், பாதையோரத்து உண்ணியையும் சீகைக் கன்றுகளையும் நாங்களே வெட்டி எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். எண்ணம் நல்லது, ஆனால் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் கத்தி எடுத்தால் உங்கள் மீது முதல் வழக்கு அதற்குத்தான் வரும், பாதைக்கு இல்லை. சீகையைச் சும்மா வெட்டினால் வெளிச்சம் பட்டு மண்ணில் கிடக்கும் விதையெல்லாம் முளைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு தொல்லை. அயல் செடிகளை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் ஒரு கொள்கையே கொண்டுவந்திருக்கிறது. ஊர்ச் சார்பில் எழுதிக் கேட்டால் துறையோடு சேர்ந்து செய்ய இடம் இருக்கிறது. உங்கள் வீட்டில் தவிட்டுப் பழமும் ஊசிக்கலாவும் எங்கே இருந்தன, எந்த ஊற்று எப்போது வற்றியது, சீகை எந்தப் பக்கத்திலிருந்து உள்ளே வந்தது என்று தெரிந்தவர்கள் இருப்பார்கள். மறுசீரமைப்புக்கு வருகிறவர்களுக்கு இந்தத் தகவல் கிடைக்காமல்தான் தவிப்பு. அதை ஒரு நோட்டில் எழுதி, ஒரு கை வரைபடத்தோடு சரகரிடம் கொடுத்துப் பாருங்கள். நேற்று வரை அத்துமீறுகிறவராகத் தெரிந்தவர், விவரம் தெரிந்தவராகத் தெரியத் தொடங்குவார். சட்டத்தில் இதற்கு மதிப்பெண் கிடையாது, ஆனால் நடைமுறையில் உண்டு.

குழாய் விஷயத்தைப் பாதையோடு சேர்க்காதீர்கள். நீர்வழி உரிமை தனியாக விசாரிக்கப்பட்டிருக்கும். செட்டில்மென்ட் உத்தரவில் அந்த ஊற்று ஊருக்கு என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், அந்த உரிமை ஊருக்குப் பொதுவானது, உங்கள் ஒரு வீட்டுக்கு இல்லை. தனிக் குழாய் போட்டது அப்போது ஊருக்குள்ளேயே கேள்வியாகலாம். இதை நாலு பேர் முன்னிலையில் முதலில் பேசித் தீர்த்துவிட்டு, ஊர்க் குழாய் என்று ஒரே கோரிக்கையாகக் கொண்டுபோவது புத்திசாலித்தனம்.

எல்லாவற்றையும் எந்த வரிசையில் செய்வது என்றால், இந்த வாரம் தாலுகா அலுவலகத்தில் எஃப்.எம்.பி. நகலும் 'அ' பதிவேட்டு நகலும், அதே வாரம் தகவல் உரிமை மனு. பதில் வரும்வரை சோலைக்குள் நடப்பதை நிறுத்தி வையுங்கள். பண்டிகை நெருங்கினால் அந்த ஒரு நாளுக்கு ஊர்ப் பெயரில் மாவட்ட வன அலுவலருக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். ஆனால் அந்தக் கடிதத்தில் "வழக்கமாகப் போகும் பாதையில்" என்ற சொற்கள் இருக்கட்டும், "எங்கள் உரிமைக்குப் பாதகமின்றி" என்றும் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் அனுமதி கேட்டுத்தான் நடந்தார்கள் என்று பின்னால் அதையே எடுத்துக் காட்டுவார்கள். பாதையை ஜி.பி.எஸ். வைத்துப் பதிவு செய்வதையும் சரகரிடம் சொல்லி, அவர் ஆள் ஒருவர் கூட நடக்கும்போது செய்யுங்கள், அப்போதுதான் அது இரண்டு தரப்புக்கும் பொதுவான பதிவாக நிற்கும். பட்டா நிலத்தில் அடைப்பு இருந்தால் மட்டும் இதற்கெல்லாம் காத்திராமல் உடனே ஒரு சிவில் வக்கீலைப் பாருங்கள். செட்டில்மென்ட் உத்தரவின் நகல் கைக்கு வந்ததும், பெயரையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டு, பாதை பற்றிய அந்த வரியை மட்டும் இங்கே போடுங்கள். பாதை பொதுவானது என்று இருக்கிறதா, குறிப்பிட்ட ஊருக்கா, குறிப்பிட்ட காரியத்துக்கா என்பதைப் பொறுத்து அடுத்த மனு யாருக்குப் போக வேண்டும் என்பது மாறும். அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.